ஆவுடையம்மாள் வீட்டுக்கு வெள்ளையடிக்க எத்தனை நாட்கள்?

மீந்துபோன கேள்வித்தாளை வாசிக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நிற்கிறவளுக்கு வேறு என்னதான் வேலை, பிள்ளைகளின் உச்சந்தலையையும் வகிட்டையும் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது, அதனால் ஆவுடையம்மாள் டீச்சர் எல்லாத் தேர்விலும் செய்கிற மாதிரி மீந்த தாளை எடுத்து விரித்து, சமூக அறிவியல்காரிக்குக் கணக்கில் என்ன புரிந்துவிடப்போகிறது என்ற அசட்டுத் தைரியத்தில் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். கடைசிக் கேள்வியிலேயே அவள் பெயர் இருந்தது. ‘18. ஆவுடையம்மாள் தன் வீட்டுக்குத் தனியாக வெள்ளையடித்தால் 3 நாட்களில் முடிப்பார். அதே வேலையை மற்றொருவர் தனியாகச் செய்தால் 6 நாட்கள் ஆகும். இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாட்களில் முடியும்?’ ஐந்து மதிப்பெண். அவள் தாளைச் சட்டென்று மடித்தாள், யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி இருந்தது, பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மறுபடியும் விரித்தாள். பெயர் அங்கேயேதான் இருந்தது. ஆனி மாதத்துக் காற்று மேற்கு சன்னல் வழியாகத் திபுதிபுவென்று உள்ளே நுழைந்து தாள்களைக் கிளப்பியது, பிள்ளைகள் ஜியாமெட்ரி பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் தாளின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினார்கள், அவள் மட்டும் தன் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்தக் கேள்வித்தாளைத் தயாரித்தவர் கணக்கு வாத்தியார் திருமலைக்கொழுந்து, பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கொழுந்து சார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடப்புத்தகத்து ரவியும் ராணியும் அவர் கணக்கில் வரமாட்டார்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள்தான் வருவார்கள். தலைமையாசிரியை சங்கரவடிவு அம்மா ஒரு பையில் மாம்பழம் வாங்குவார், அதில் இரண்டு அழுகியிருக்கும், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அழுகல் கையில் வர என்ன வாய்ப்பு. விளையாட்டு வாத்தியார் செல்லப்பா மைதானத்தைச் சுற்றி ஓடுவார், அவர் வேகத்துக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பையன்தான் ஜெயிப்பான். “என் பையில எதுக்கு சார் அழுகப் பழம் போட்டிய?” என்று தலைமையாசிரியை கேட்டபோது, அழுகல் இல்லாவிட்டால் வாய்ப்பு பூச்சியமாகிவிடும், அப்புறம் கணக்கே இல்லை என்று அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். சிரிக்காமல் சொன்னார், அதுதான் அந்த மனிதரிடம் உள்ள கோளாறு, எப்போது விளையாட்டு எப்போது வினை என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பியூன் மாடசாமி அண்ணாச்சிகூட ஒருதரம் தண்ணீர்த் தொட்டியை நிரப்பியிருக்கிறார். அவள் மட்டும் எந்தக் கணக்கிலும் வந்ததில்லை. ஒரு பொங்கல் சமயம் ஆசிரியர் அறையில் எல்லோரும் கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது அவளே வாயை விட்டுக் கேட்டாள், “என்ன சார், சமூக அறிவியல்காரிய மட்டும் ஒதுக்கி வச்சுட்டிய?” அவர் கரும்பைக் கீழே வைத்தார். “உங்களுக்கு ஏத்த கணக்கு இன்னும் அமையல டீச்சர்” என்றார். செல்லப்பா சார் சக்கையைத் துப்பிவிட்டு, “ஊமை ஊரைக் கெடுக்கும்பாவ, சும்மாவா சொன்னாவ” என்று சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அந்த ஒரு வாக்கியத்தை அப்பாவின் வேட்டியை அலசுகிற மாதிரி எத்தனை தண்ணீரில் அலசினாள் என்று அவளுக்குத்தான் தெரியும். அப்போது அப்பா இருந்தார், படுத்த படுக்கையாக.

இப்போது கணக்கு அமைந்துவிட்டதாமே! அமைகிற நாளைப் பார், நாளைக் காலை மாறுதல் கலந்தாய்வு. தூத்துக்குடியில் அண்ணன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் காலியாக இருக்கிறது, கேட்டால் கிடைத்துவிடும், அண்ணன் போனில் பேசும்போதெல்லாம் “ஏ ஆவுடை, அப்பா போனதுக்கப்புறம் அங்க தனியா எதுக்குக் கெடக்க, வந்துரு, மாடியில ஒரு ரூமு சும்மாதான் கெடக்கு” என்கிறான். மைனியும் நல்லவள், உண்மையிலேயே நல்லவள், அதுதான் சங்கடம், கெட்டவளாக இருந்தால் வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம். மாடி அறை, இரும்புக் கட்டில், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பிள்ளைகளுக்கு அசோகரும் அக்பரும், யார் வீட்டுக்கு வந்தாலும் ‘இது எங்க நாத்தனாரு, டீச்சரா இருக்காவ’ என்கிற அறிமுகம். பாதுகாப்பான வாழ்க்கை. எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தாள், பஸ்ஸுக்கு வேண்டிய பையைக்கூட எடுத்து வைத்தாயிற்று. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். சங்கரவடிவு அம்மா கண் கலங்கினார், செல்லப்பா சார் பிரியாணி கேட்டார். கொழுந்து சார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று டீ வாளி வந்தபோது ஒரு தம்ளர் குறைந்தது, வழக்கம்போல, எனக்கு இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னார், வழக்கம்போல, அப்புறம் அவள் பக்கமாகத் திரும்பி, “ஒம்பதாம் வகுப்புக்கு அடிப்படைக் கணக்குப் பரீட்சை வைக்கணும் டீச்சர், கேள்வித்தாள் எழுதப் போறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கல்லுளிமங்கன். கேள்வித்தாள் எழுதப் போவதை என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நேற்று எரிச்சல்பட்டாள். இன்றைக்கு, அடடா, அதற்காகத்தானா என்று மனசு எழுந்து நிற்கிறது, உட்கார், உட்கார் என்று அதட்ட வேண்டியிருக்கிறது, நாற்பத்து மூன்று வயதுக்கு இது கொஞ்சம் ஓவர்.

வெறும் விளையாட்டாகவும் இருக்கலாம் அல்லவா? போகிற ஆளுக்கு ஒரு மரியாதை, கடைசியாக இவளையும் ஒரு கணக்கில் சேர்த்துவிடுவோம் என்று நினைத்திருக்கலாம். அவர் நினைத்துத்தான் எழுதினார், அல்லது நினைக்காமல் எழுதினார், இரண்டில் ஒன்று, அப்படியானால் பாதிக்குப் பாதி. அப்படி எழுதினால் அவர் தப்பென்று சுழித்துவிடுவார். அதுவும் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அவளுடைய வகுப்புக்கும் அவருடைய வகுப்புக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு, இத்தனை வருஷமாக இந்தப் பக்கம் மௌரியப் பேரரசு நடக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து நிகழ்தகவு வந்துகொண்டே இருந்திருக்கிறது. “நடக்கும், நடக்காதுன்னு ரெண்டு இருக்கதுனால பாதிக்குப் பாதின்னு எழுதாதிய மக்கா. நாளைக்கு நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஆனை வரலாம், வராமலும் இருக்கலாம். அப்ப ஆனை வரதுக்குப் பாதி வாய்ப்பா?” அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரித்தார்கள், இந்தப் பக்கம் அவள் பிள்ளைகளும் சிரித்தார்கள், அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி அசோகரின் கல்வெட்டை எழுதுகிற பாவனையில் சிரித்துக்கொண்டாள். குரல் மட்டும் வரும், ஆள் தெரியாது, சாக்பீஸ் பலகையில் தட்டும் சத்தம்கூடக் கேட்கும். அவர் லீவு போட்டால் அன்றைக்குத் தன் வகுப்பே ஊமையாகிப்போன மாதிரி இருக்கும், தொண்டை வலிக்கிற மாதிரி அவளே அதிகம் பேசிவிடுவாள். தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் காங்கிரீட் சுவர் இருக்கும். இதை இதுவரை யோசிக்கவே இல்லையே என்று அவளுக்குத் திக்கென்றது, மாறுதல் வாங்குகிறவள் பஸ், தண்ணீர் எல்லாம் யோசித்தாள், சுவரை யோசிக்கவில்லை.

ஆனாலும் அவசரப்படாதே ஆவுடை, ஆழம் தெரியாமல் காலை விட்டுப் பழக்கப்பட்டவள் நீ. ஆசிரியர் பயிற்சியில் ஒரு கோயில்பட்டிக்காரன் மழை நாளில் தன் குடையைக் கொடுத்தான், மறுநாளும் கொடுத்தான், மூன்றாம் நாள் மழையே இல்லை, அன்றைக்கும் கொண்டுவந்து நீட்டினான், அவள் என்னென்னவோ நினைத்துப் புதுத் தாவணி எல்லாம் கட்டிக்கொண்டு போனாள், அவன் கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டைக் கையில் கொடுத்து, விடுதிப் பெண்களுக்கெல்லாம் நீதான் கொடுத்துவிட வேண்டும் ஆவுடையக்கா என்றான். அக்காவாம்! எல்லோருக்கும் கொடுத்தாள், ஒன்று விடாமல். “சுண்டிவிட்ட காசுக்கு ஞாபகம் கெடையாது மக்கா, போன தடவ என்ன விழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது” என்று பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொழுந்து சார் சொல்லும்போதெல்லாம், காசுக்கு இல்லை சார், கழுதை மனுசிக்கு இருக்கிறதே என்று இவள் நினைத்துக்கொள்வாள். அப்புறம் ஊர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பெண்சாதி செத்துப் பல வருஷமாக ஒண்டியாய் இருக்கிற மனிதர், அப்பனைப் பார்த்தே வயசைக் கரைத்த பெண்பிள்ளை, ஒரே பள்ளிக்கூடம், பேசுவதற்கு இதைவிட வசதி வேண்டுமா. அதனால்தான் இத்தனை நாள் அவர் இவள் பெயரைக் கணக்கில் எழுதவில்லை என்று இப்போது திடீரெனப் புரிந்தது. மற்றவர்களை எழுதினால் சிரிப்பார்கள், இவளை எழுதினால் பேசுவார்கள். ஒதுக்கவில்லை, ஊர் வாயிலிருந்து காப்பாற்றியிருக்கிறார். இது தெரியாமல் பொங்கலுக்குப் பொங்கல் உள்ளுக்குள் கோபித்துக்கொண்டு கிடந்திருக்கிறாளே, பாவி மனிதர் இதையாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா.

சரி, விடை என்ன? கேள்வி தன்னைப் பற்றியது, விடை தனக்கே தெரியாது என்றால் வெட்கக்கேடு. அவள் மேசையில் சாய்ந்து தாளின் பின்பக்கம் பென்சிலால் 3 என்றும் 6 என்றும் எழுதிக் கூட்டினாள், ஒன்பது. ஒன்பது நாளா? தனியாக அடித்தால் மூன்று நாள், கூட ஒருவர் வந்தால் ஒன்பது நாளா? அப்படியானால் வந்தவர் அடித்த சுவரைச் சுரண்டிக்கொண்டல்லவா இருந்திருக்க வேண்டும்! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தாள். பாதியாக்கினால் நாலரை, அதுவும் மோசம், அதற்கு மனிதர் வராமலே இருக்கலாம். வரிசைகளுக்கு நடுவே நடந்து எட்டிப் பார்த்தாள், முதல் பெஞ்சு பேச்சித்தாய் ஒன்பது நாட்கள் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள், பின்னால் ஒருத்தன் நாலரை போட்டுவிட்டு அதை அடித்துக்கொண்டிருந்தான். “ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை, அத மட்டும் கேளுங்க, மொத்தத்தக் கண்டு பயப்படாதிய” என்று பலகை வழியாக எத்தனை தடவை வந்திருக்கிறது. ஒரு நாளைக்கு. அவள் கண்ணை மூடி வீட்டை நினைத்தாள். வீட்டில் அடிக்க வேண்டிய பெரிய சுவர் ஆறு என்று வைத்துக்கொள்வோம், பட்டாசல் கூடத்தில் மூன்று, அடுப்பங்கரையில் ஒன்று, அப்பா படுத்திருந்த அறையில் இரண்டு. அப்பா தலை வைத்த இடத்தில் எண்ணெய்க் கறை இன்னும் வட்டமாக இருக்கிறது, அதன் மேல் வெள்ளையடிக்க மனசு வராமல்தான் வீடு அப்படியே உரிந்துபோய்க் கிடக்கிறது. அப்பா போனதுக்குத் துஷ்டி கேட்க வந்த அன்றைக்குக் கொழுந்து சார் அந்த அறை வாசலில் நின்று ஒரு நிமிஷம் அந்தக் கறையைப் பார்த்தார், எல்லோரும் சொன்ன ஆறுதல் எதையும் சொல்லாமல், “ரொம்ப நாள் பாத்துக்கிட்டிய டீச்சர்” என்றார், அவ்வளவுதான். அதைக் கேட்டுத்தான் அவள் முதல்முதலாக அழுதாள்.

ஆறு சுவர், அவளுக்கு மூன்று நாள், அப்படியானால் ஒரு நாளைக்கு இரண்டு சுவர். மற்றொருவருக்கு ஆறு நாள், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுவர். பார்த்தாயா, தன்னை எவ்வளவு மந்தமாகப் போட்டிருக்கிறார், ஏணியில் ஏறினால் என்னைவிட இரண்டு முழம் கூட எட்டுகிற மனிதர், வேண்டுமென்றே தன்னைப் பாதி ஆளாக்கியிருக்கிறார். அவள் இரண்டு, அவர் ஒன்று, சேர்ந்தால் ஒரு நாளைக்கு மூன்று சுவர், ஆறு சுவருக்கு இரண்டு நாள். இரண்டு! வந்துவிட்டது, யார் உதவியும் இல்லாமல் வந்துவிட்டது, பத்தாம் வகுப்பில் கணக்கில் முக்கி முனகித் தேறியவளுக்கு நெஞ்சு குதித்தது. குதித்த நெஞ்சு அப்படியே ஓரிடத்தில் சிக்கியது. தனியாக மூன்று, சேர்ந்தால் இரண்டு. மிச்சம் ஒரு நாள். ஒரே ஒரு நாள் மிச்சப்படுத்துவதற்காகவா இந்த வயசில், அண்ணனுக்கும் ஊருக்கும் பதில் சொல்லிக்கொண்டு, ஒரு புது மனிதரின் செருப்பை வாசலில் விடச் சொல்வது? தனியாகவே முடித்துவிடுகிறவள்தானே, கேள்வியே அப்படித்தானே சொல்கிறது, அவர் கையால் எழுதிக் கொடுத்த சர்டிபிகேட். இதுவரை எல்லாச் சுவரும் தனியாகத்தான். ஆனால் ஏணியில் நிற்கும்போது கீழே ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பது எந்த விடையில் வரும்? அந்த மூலையை விட்டுவிட்டீர்கள் டீச்சர் என்று ஒரு குரல், பலகை நடுவில் இல்லாமல். நடுவில் ஒரு தரம் இறங்கி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு தம்ளர் டீ, ஒன்றும் குறையாமல் இரண்டு. அப்பாவின் கறைக்கு முன்னால் வெள்ளையடிக்கிற மட்டையோடு நின்று கை வராமல் போகிறபோது பக்கத்தில் சும்மா நிற்க ஓர் ஆள். அதற்கு மூன்று நாள் ஆனால் என்ன, ஒன்பது நாளே ஆகட்டுமே, பேச்சித்தாய் போட்டதும் தப்பில்லை. ஐயோ, எனக்கு இந்த மனிதர் வேண்டும் என்று அவள் மனசு பச்சையாகச் சொல்லிவிட்டது, யாரோ சத்தமாகச் சொன்ன மாதிரி அவளே திடுக்கிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பேச்சித்தாய் எழுந்து நின்றாள். “டீச்சர், கடைசிக் கேள்வியில ஒரு சந்தேகம். விடைய முழு வாக்கியமா எழுதணும்லா? ‘ஆவுடையம்மாளும்’னு எழுதிட்டேன், அடுத்தாப்ல ஆரு பேர எழுத? மற்றொருவருக்குப் பேரே போடலயே.” வகுப்பில் ஒரு களுக் சத்தம் இங்கிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேர்ந்தது. “சார் ரவுண்ட்ஸ் வருவாவ, கேட்டுக்கோ, உக்காரு” என்று சொன்ன அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. பாடத்துக்குரிய ஆசிரியர் நடுவில் ஒருமுறை அறைக்கு வந்து, கேள்வித்தாளில் அச்சுப்பிழை உண்டா என்று கேட்டு, இருந்தால் கரும்பலகையில் திருத்தம் எழுதிவிட்டுப் போவது வழக்கம். வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாள், வராவிட்டால் செத்தேன் என்றும் நினைத்தாள். வந்தார். சட்டைப்பையில் சாக்பீஸ் தூளோடு, காற்றில் பறக்கிற முன்மயிரை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, அவளைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “திருத்தம் எதும் இருக்கா?” என்றார். பேச்சித்தாய் விடுவாளா, வாயுள்ள பிள்ளை, எழுந்து அதே சந்தேகத்தை அதே சொல்லில் கேட்டாள். கொழுந்து சாருக்குக் காது மடல் சிவந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் வருஷக்கணக்காக அப்படிக் கணீரென்று ஒலித்த குரல் இப்போது திக்கியது. “அது... அது ஆரா இருந்தாலும் சரிதாம்மா. பேரு முக்கியமில்ல” என்றார்.

ஆரா இருந்தாலும் சரியா? அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே கரைந்தது. அவர் ஏன் பெயரை விட்டார் என்று அந்தக் காது மடலைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவளுக்கு இஷ்டமில்லை என்றால் அது வெறும் கணக்காகவே போய்விட வேண்டும், தூத்துக்குடிக்குப் போகிறவள் தலைகுனியாமல் போக வேண்டும், அவமானம் ஏதாவது வந்தால் அது பெயரில்லாத அந்த மற்றொருவரோடு நின்றுவிட வேண்டும். கேட்கவும் வேண்டும், கேட்டதாகவும் இருக்கக் கூடாது. இப்படி ஒரு மனிதர். நாளைக்கு அந்தப் பஸ்ஸில் தான் ஏறப்போவதில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அண்ணனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். “திருத்தம் இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனாள். எழுத்து கோணவில்லை, கல்வெட்டு எழுதிப் பழகிய கை. ‘திருத்தம்: வினா எண் 18. “மற்றொருவர்” என்பதைத் “திருமலைக்கொழுந்து” எனத் திருத்தி வாசிக்கவும்.’ எழுதி முடித்து, கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டுத் திரும்பி நின்றாள்.

எல்லோரும் குனிந்து, சொன்னபடி கேட்கிற பிள்ளைகள், கேள்வித்தாளில் அந்தச் சொல்லை அடித்து மேலே பெயரை எழுதினார்கள், நீளமான பெயர், எழுத நேரம் பிடித்தது. வாசலில் அவர் கரும்பலகையை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார், மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார், பிறகு முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார், பார்த்தபடியே நின்றார். “சார், இப்ப விடை மாறுமா?” என்று பேச்சித்தாய் கேட்டாள். அரை மதிப்பெண்ணுக்குக் கெஞ்சினாலும் இரங்காத, பரீட்சை அறையில் ஒரு எண்ணைக்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை என்று பேர் வாங்கிய திருமலைக்கொழுந்து சார், கண்ணை அவளிடமிருந்து எடுக்காமலே, “மாறாது மக்கா, ரெண்டு நாளுதான்” என்று சொல்லிவிட்டார். சொன்னது என்னவென்று அவருக்குத் தெரியவே இல்லை. ஒன்பது போட்டவர்களும் நாலரை போட்டவர்களும் ஒரே நேரத்தில் பேனாவை எடுத்து அடித்துவிட்டுப் புது விடையை எழுத ஆரம்பித்தார்கள், மேற்பார்வைக்கு நின்ற ஆவுடையம்மாள் டீச்சர் அவர்களைத் தடுக்கவில்லை.